திருப்பாச்சூரில் ஒரு கூடம்

சென்னையிலிருந்து மேற்கே அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஏறி, அம்பத்தூரின் தொழிற்சாலைகளையும் ஆவடியின் ராணுவத் தொழிலகங்களையும் கடந்து, திருநின்றவூர், செவ்வாப்பேட்டை, புட்லூர் என்று ஸ்தலங்களும் வயல்வெளிகளும் புதிய குடியிருப்புகளும் மாறி மாறி வரும் பாதையில் பிரயாணம் செய்து திருவள்ளூரில் இறங்குகிறவர்கள், வீரராகவப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களாகவோ காக்களூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களாகவோ இருப்பது வழக்கம். நான் சென்ற காரியம் இவ்விரண்டிலும் சேராதது. திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் சிறிது தூரத்திலுள்ள திருப்பாச்சூரில் என் தங்கையும் மாப்பிள்ளையும் புதுவீடு கட்டிக் குடிபுகுந்திருந்தார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் சினிமாவும் சங்கீதமும் செவ்வையாகக் கேட்கும்படி ஹோம் தியேட்டர் ஒன்று அமைக்கவேண்டும், அது பார்வைக்கும் லட்சணமாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் ஆசை. எந்தச் சாதனத்தை வாங்குவது என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் அபிப்பிராய பேதம் உண்டாகவே, சபாக்களில் உட்கார்ந்து கேட்டே வயதைக் கழித்தவன் என்ற ஒரே தகுதியைக் கருதி என்னை மத்தியஸ்தத்துக்கு அழைத்தார்கள்.

புறப்படுவதற்கு முன் மாப்பிள்ளையை ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போனேன். அண்ணா சாலையை ஒட்டி, நரசிங்கபுரம் தெருவோடு பின்னிக் கிடக்கும் அந்தக் குறுகிய வீதியில், மின்சாதனம் சம்பந்தப்பட்ட எந்த உறுப்பும் கிடைக்காமல் போகாது. ட்ரான்ஸ்ஃபார்மர், கண்டென்ஸர், ஊஃபர், ட்வீட்டர், வெறும் மரப்பெட்டி, கடைக்காரரே கோத்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் என்று எதை விரும்பினாலும் பத்தடி நடப்பதற்குள் அகப்படும். அங்கே கூவி விற்கப்படும் பெட்டிகள் பலவற்றின் முகத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்ற எழுத்துகளோடு ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சிட்டிருப்பதை வாசகர்களும் பார்த்திருப்பார்கள். ஒரு கண நேரத்துக்கு மட்டும் கற்பனையாகக் கணக்கிடப்படும் அந்த எண்ணுக்கும் காதில் விழும் ஒலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, 'ஆர்.எம்.எஸ்.' என்று குறிக்கப்படும் இடைவிடாத சக்தி ஒன்றே மதிக்கத்தக்கது. அதிலும்கூட, வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி இரட்டிப்பாவதில்லை. கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு ஒலி இரு மடங்கானதுபோலத் தோன்றவேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் செலவிடவேண்டும். ஆதலால் ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரை விட்டு 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கிறவர், வேறு செலவின்றியே தம் ஆம்ப்ளிஃபையரை இரு மடங்காக்கிக் கொள்கிறார். இதை மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொன்னபோது, "அப்படின்னா மச்சான், இத்தனை நாளா எண்ணைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டிருக்கேன்" என்று சொல்லி, கையிலிருந்த விலைப்பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திருவள்ளூரில் இறங்கியவர்கள் நேரே வீட்டுக்குப் போகாமல் முதலில் வாசீஸ்வரர் ஆலயத்துக்குச் சென்றோம். அப்பரும் ஞானசம்பந்தரும் பாடிய அந்தத் தொண்டைநாட்டுத் தலத்தில், அம்பிகை தங்காதலி என்னும் அழகிய நாமத்தோடு விளங்குகிறாள். பதினொரு விநாயகர்கள் ஒருங்கே கூடியிருக்கும் விநாயகர் சபை ஒன்றும் உண்டு. கருவறையின் விமானமோ படுத்துறங்கும் யானையின் பின்புறம்போல வளைந்த தூங்கானை மாடம். மாலைப் பூஜைக்கு அடித்த மணியின் நாதம், கல்தரையிலும் கல்தூண்களிலும் மோதி மோதி, அடித்த கை ஓய்ந்த பின்னரும் பிராகாரத்தில் நெடுநேரம் உலவிற்று. நிதானமாக, ஒவ்வொரு சீரையும் நீட்டி ஓதும் தேவாரப் பண்ணுக்கு இத்தகைய கல்மண்டபம் எத்துணைப் பொருத்தமானது என்பதை அங்கே நின்றால் உணரலாம். ஓதுவாரின் குரலுக்குக் கல்லே கூடத் துணை பாடுகிறது. ஆனால் அதே மண்டபத்தில் இருவர் வேகமாகப் பேசிக்கொண்டால், ஒரு வார்த்தையின் வால் அடுத்த வார்த்தையின் தலையை மூடிவிடும்.

இந்த விஷயத்தை நான் இவ்வளவு விஸ்தரிப்பதற்குக் காரணம், தங்கையின் வீட்டுக்குள் நுழைந்து கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டியதும் எனக்கு அந்தப் பிராகாரமே நினைவுக்கு வந்ததுதான். இருபதடி நீளமும் பதினைந்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட விசாலமான கூடம். தரையெல்லாம் கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸ், மேலே கான்கிரீட், நான்கு புறமும் பட்டி பார்த்து வழவழப்பாக்கிய சுவர், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். நம் காலத்து வீடுகளில் தரையும் சுவரும் கோயில் பிராகாரத்தைப்போல் ஆகிவிட்டன. ஆனால் அதற்குள் உட்கார்ந்து நாம் கேட்க விரும்புவதோ பண்ணோடு ஓதும் பாட்டு அன்று, சினிமாவின் விரைந்த சம்பாஷணை. முன்னாளைய வீட்டின் மண்சுவரும் ஓலைக்கூரையும் கயிற்றுக் கட்டிலும் ஒலியைத் தாமே உறிஞ்சி அடக்கிவந்தன என்பதை இந்தக் கூடத்தில் நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

இவ்வாறு ஒலி உறிஞ்சப்படுவதைக் கணக்கில் பிடித்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் வாலஸ் சாபின் என்ற இளம் பௌதிக ஆசிரியர், புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவு மண்டபத்தில் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை என்ற புகாரைத் தீர்த்து வைக்கும்படி 1895-இல் ஏவப்பட்டார். ஸாண்டர்ஸ் அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்துவந்து, ஒவ்வொன்றாக மண்டபத்தில் பரப்பி, ஆர்கன் குழலின் ஓசை அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து அளந்து, மண்டபத்தின் கன அளவை அது உறிஞ்சும் திறனால் வகுத்து ஒரு மாறா எண்ணால் பெருக்கினால் ஒலி அடங்கும் காலம் கிடைக்கும் என்ற சூத்திரத்தை அவர் கண்டார். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் ஸிம்ஃபனி மண்டபம் அந்தச் சூத்திரத்தின் துணைகொண்டு எழுந்தது. தங்கையின் கூடத்தை, அதில் ஒரு சாமானும் இல்லாத நிலையில், அதே கணக்கில் போட்டுப் பார்த்தால் ஓசை அடங்க மூன்று வினாடிக்கும் மேல் ஆகும். வீட்டில் சினிமா பார்ப்பதற்கு அரை வினாடிக்குள் அடங்குவதே உத்தமம். ஜன்னல் சுவர் நெடுகிலும் கொசுவம் வைத்த கனத்த திரைச்சீலை ஒரு நூறு சதுர அடிக்குத் தொங்கவிட்டால், அது ஒன்றே அந்தக் காலத்தைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்துவிடும். அதன்மேல் துணி உறையிட்ட ஸோஃபா, தரையில் ஒரு ஜமக்காளம், பின்சுவரில் புத்தகங்கள் அடுக்கிய திறந்த அலமாரி என்று சேரச் சேரக் கூடம் பேச்சுக்கு இணங்கி வரும். திரைச்சீலையும் ஜமக்காளமும் வீட்டுக்கு அழகும் அல்லவா? பவானியில் நெய்த ஜமக்காளம் ஒன்றை வாங்கி விரிப்பதைக் காட்டிலும் குறைந்த செலவில் ஒலியையும் பார்வையையும் ஒருங்கே திருத்துகிற உபாயம் எனக்குத் தெரியவில்லை.

இனிக் கணவன் மனைவி வழக்கைச் சொல்லவேண்டும். மாப்பிள்ளைக்கு ஆளுயரத் தூண் ஸ்பீக்கர்கள் இரண்டு முன்னால் நிற்கவேண்டும். பின்னால் இரண்டு, நடுவில் ஒன்று, மூலையில் ஒரு சப்வூஃபர். தங்கைக்கோ கூடத்தில் ஒரு பெட்டியும் கண்ணில் படக்கூடாது. "அண்ணா, வருஷா வருஷம் கொலுப்படி கட்டுற மூலைதான் அது. அங்க போய் கறுப்பா ஒரு தூணை நிறுத்தினா, நவராத்திரிக்கு வர்றவங்க என்னைத்தான் கேப்பாங்க. எல்லாத்தையும் அலமாரிக்குள்ள வெச்சு கதவு போட்டுடுங்க" என்றாள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரு வீட்டின் கூடத்துக்கு அழகு வேண்டும் என்று கேட்பவளை அற்பமாக எண்ணும் ஒலிப்பிரியர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தினமும் கண்ணில் உறுத்தும் ஒரு பொருளின் அருகில் உட்கார்ந்து எவரும் சங்கீதத்தில் லயிக்க முடியாது.

இந்த வழக்கைத் தீர்த்து வைக்கும் சாஸ்திரம் ஒலியின் அலைநீளத்தில் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. வினாடிக்கு 80 முறை அதிரும் கீழ் ஸ்தாயி ஒலியின் ஓர் அலை, ஆகவே, நாலேகால் மீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. அத்தனை நீண்ட அலை ஸோஃபாவையும் மேஜையையும் சுற்றி வளைத்துப் போய்விடும். எந்தத் திசையிலிருந்து வந்தது என்று காதும் அறியாது. பத்தாயிரம் முறை அதிரும் மேல் ஒலியின் அலையோ மூன்றரை சென்டிமீட்டர்தான். ஒரு மரச்சட்டம் குறுக்கே நின்றாலும் அதன் நிழல் காதில் விழும். இதிலிருந்து பெறப்படுவது என்ன? கீழ் ஒலியைத் தரும் சப்வூஃபரைத் தாராளமாக மறைக்கலாம்; தங்கை விரும்பியபடி ஸோஃபாவின் பக்கவாட்டிலோ கொலுப்படியின் அடியிலோகூட வைக்கலாம். மேல் ஒலியைத் தரும் ட்வீட்டரை மறைக்கக்கூடாது, அது உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், காதை நோக்கி, இடையில் மெல்லிய துணியைத் தவிர வேறொன்றும் இல்லாமல் நிற்கவேண்டும். 80 அதிர்வுக்குக் கீழானதை எல்லாம் சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிட்டால் முன் ஸ்பீக்கர்களுக்கு ஆளுயரப் பெட்டி எதற்கு? ஆறரை அங்குல ஊஃபர் கொண்ட சிறு பெட்டிகள் போதும்.

சிறிய பெட்டியிலிருந்து பெரிய நாதம் பிறக்கக்கூடும் என்பதே ஒரு காலத்தில் நம்பத்தகாத விஷயமாக இருந்தது. எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-இல், காற்றுப் புகாதபடி மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பீக்கருக்கு வில்லாகப் பயன்படுத்தி, அலமாரித் தட்டில் அடங்கும் அளவுள்ள பெட்டியில் ஆழ்ந்த மந்தர ஸ்தாயியை எழுப்பிக் காட்டினார். அதன்பின், கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஒரு தேசபக்தரின் மகனான அமர் போஸ், தாம் மாணவராயிருந்தபோது வாங்கிய ஒலிச்சாதனம் அரங்கில் கேட்கும் சங்கீதத்துக்கு ஈடாகவில்லையே என்ற மனக்குறையால் உந்தப்பட்டு ஆராய்ச்சியில் இறங்கி, 1964-இல் தம் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். 1987-இல் அவர் கம்பெனி வெளியிட்ட அக்கூஸ்டிமாஸ் என்னும் அமைப்பில் கண்ணுக்குத் தெரிவன உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டிகள். மந்தர ஒலிக்கான பெட்டி எங்கோ மறைந்திருந்தது. வீட்டுக் கூடத்தின் அழகைக் காப்பாற்ற எழுந்த பெரிய மாறுதல்களில் அது ஒன்று. ஆயினும் மிகச் சிறிய பெட்டிகளுக்கும் மறைந்த பெட்டிக்கும் நடுவே ஆண்குரலின் கனம் தொலைந்துபோகக் கூடுமாதலால், அவ்வளவு சிறியதாகவும் போகவேண்டாம் என்பது என் யோசனை.

நம் தாத்தாக்கள் காலத்து வால்வு ரேடியோவை நினைத்துப் பார்க்கிறேன். தேக்கு மேற்பூச்சும், பொன்னிற நூலோடிய துணி முகமும், மேலே பாட்டி பின்னிய பூவேலை விரிப்புமாகக் கூடத்தின் நாயகமாய் அது வீற்றிருந்தது. எவரும் அதை மறைக்க நினைத்ததில்லை. அந்தத் துணி முகம் அலங்காரம் மாத்திரம் அன்று. ஒலி தடையின்றி வெளிவர அதுவே வாசல். நல்ல உருவமும் நல்ல நாதமும் ஒரே கைவினையில் பிறந்த பொருள் அது.

திருவள்ளூரில் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர், இரண்டு ஜோடிப் பெட்டிகளைப் பரீட்சைக்கென்று வீட்டுக்கே அனுப்பி உபகாரம் செய்தார். ஒரு ஜோடி, மெருகேறிய கறுப்பில் வெள்ளிக் கோடிட்ட மெல்லிய தூண்கள்; மற்றது, வால்நட் மரத்தோல் ஒட்டிய அடக்கமான சிறு பெட்டிகள். எதைப் போட்டுச் சோதிப்பது என்ற கேள்விக்கு என் விடை எப்போதும் ஒன்றே: முதலில் தம்புரா, பிறகு மிருதங்கம், அதன்பின் பழகிய ஒருவரின் பேச்சுக்குரல். வெடிச் சத்தமும் கார் மோதலும் எல்லாப் பெட்டியிலும் நன்றாகவே கேட்கும். அவற்றால் தராதரம் விளங்காது.

இந்த இரண்டு வாத்தியங்களையும் நான் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் பயின்ற சர் சி.வி. ராமன், நோபல் பரிசு பெறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நம் வாத்தியங்களின் நாதத்தை ஆராய்ந்தார். சாதாரணத் தோற்கருவி எழுப்பும் மேலொலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கருஞ்சோறு தோலின் கனத்தை நடுவில் ஏற்றி, அந்த மேலொலிகளைச் சுருதிக்கு இணங்க வரிசைப்படுத்துகிறது என்று 1920-இல் அவர் எடுத்துக் காட்டினார். தம்புராவிலோ, மேட்டுப்பாலத்துக்கும் தந்திக்கும் இடையே செருகும் ஜீவாளி நூல், மீட்டிய இடம் எதுவாயினும் மேலொலிகளை எல்லாம் உயிர்ப்பிக்கிறது. ஆகவே தம்புராவின் அந்த ரீங்காரம் ஒளிர்ந்து பரவினால் ட்வீட்டர் நல்லது; வலந்தலையில் சுருதி தெளிவாகக் கேட்டு, இடந்தலையாகிய தொப்பியின் கும்காரம் எழுந்து உடனே அடங்கினால் ஊஃபரும் பெட்டியும் நல்லவை.

கறுப்புத் தூண்களில் தொப்பி எழுந்தது, அடங்கவில்லை. ஒவ்வோர் அடியும் அடுத்த அடியின்மேல் புரண்டது. சிறு பெட்டிகளில் விரலின் ஸ்பரிசமே தெரிந்தது. தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பத்தான் வித்துவான் பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்குப் பார்வையில் பிடித்தவையும் அந்தச் சிறு பெட்டிகளே என்பது பிறகு தெரிந்தது. அவற்றின் ஊஃபரைச் சுற்றிய விளிம்பு ரப்பரால் ஆனது என்பதையும் நான் கவனித்தேன். ஸ்பாஞ்ச் விளிம்புகள் நம் புழுக்கத்தில் சில ஆண்டுகளில் உதிர்ந்துபோகும்.

அடுத்த நாள் ஆசாரி வந்தார். டி.வி.க்கு அடியில் தாழ்வான மர மேடை ஒன்று செய்ய அளவு கொடுத்தோம். வடகிழக்குப் பருவமழையில் ஊறிப் பருக்கும் மரத்தூள் பலகையை அவரே வேண்டாமென்று விலக்கி, நல்ல பிளைவுட்டில் தேக்குத்தோல் ஒட்டித் தருவதாகச் சொன்னார். ஆம்ப்ளிஃபையரின் சூடு வெளியேறப் பின்புறம் திறந்திருக்கவேண்டும், நடு ஸ்பீக்கரின் முன்னே கதவுக்குப் பதில் துணிச்சட்டம் வேண்டும் என்றபோது உடனே புரிந்துகொண்டார். அந்த நடு ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் கூடாது. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவிலும், அதற்கு அடுத்த ஆண்டு 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். முறையிலும் வந்த நாளிலிருந்து நம் ஜனங்கள் சுற்றிலும் ஒலிக்கும் ஓசையில் மோகம் கொண்டார்கள். ஆனால் அத்தகைய படங்களில் சம்பாஷணை அனேகமாக முழுவதும் நடு ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. கொட்டகையில் வெண்திரை முழுவதும் நுண்ணிய துளைகளிட்டு அதன் பின்னால் ஸ்பீக்கரை நிறுத்துகிறார்கள். டி.வி.யில் துளையிட முடியாதாகையால் அடியில் வைத்து, முகத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தோம். இடமும் வலமும் நிற்கும் பெட்டிகளுக்கு இடையேயுள்ள தூரமும், அவை ஒவ்வொன்றிலிருந்தும் ஸோஃபாவுக்குள்ள தூரமும் சமமாக எட்டடி என்று அளந்து குறித்தோம். கொலு மூலை காலியாகவே நின்றது.

ஒரு விஷயம் மட்டும் என் மனத்தை உறுத்தியது. மாப்பிள்ளை வேலை செய்வது காக்களூரில் தகட்டை அழுத்தி உறுப்புகள் செய்யும் பிரஸ் ஷாப்பில். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலுக்கு மேல் கூடாது என்று தொழிற்சாலை விதிகள் வரம்பு கட்டியிருந்தாலும், கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளிலும் காக்களூரின் பட்டறைகளிலும் உழைக்கிறவர்களின் காது நாள் முழுவதும் படும் சிரமம் அவர்களுக்குத்தான் தெரியும். காதடைப்பான் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். சில நாள் போடுவதில்லை என்றார். மாலையில் வீடு திரும்பி, உரத்துக் கேட்டால்தான் கேட்டதாகத் தோன்றுகிற நிலை வந்துவிட்டால், எந்தச் சாதனமும் அவருக்குச் சுகம் தராது. திரைச்சீலையும் ஜமக்காளமும் போட்டுக் கூடத்தின் எதிரொலி அடங்கிவிட்டபடியால் மெல்லிய ஒலியிலேயே ஒவ்வொரு சொல்லும் தெளியும் என்பதை அவருக்கே போட்டுக் காட்டினேன். மறுநாள் முதல் அடைப்பான் போடுவதாக அவர் தங்கையிடம் வாக்குக் கொடுத்தது எனக்குப் பரம திருப்தி.

ஹோம் தியேட்டர் வாங்க உத்தேசிக்கும் வாசகர்களுக்கு நான் சொல்லத்தக்கது இதுவே. கடையின் கண்ணாடி அறையில் கேட்டதை நம்பிப் பணத்தை எண்ணி வைக்காதீர்கள். உங்கள் கூடத்தின் நீள அகலத்தை அளந்து, முதலில் திரைச்சீலைக்கும் ஜமக்காளத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். மிச்சத்தில் முன் பெட்டிகள் மூன்றுக்கும் பெரும்பங்கைக் கொடுங்கள். இரண்டு ஜோடியையாவது வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரியை வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டு, வீட்டு அம்மாளுக்கும் சம்மதமான பிறகு வாங்குங்கள்.